சொந்தமாகக் கட்டிய விமானத்தில் இன்ஜின் சூடு: காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் முதல் சில மணி நேரப் பறத்தலில் காட்டும் கோளாறு பெரும்பாலும் இதுதான். ஓடுபாதையை விட்டு எழும்பி ஏறத் தொடங்கிய மூன்று, நான்கு நிமிடங்களில் ஏதாவது ஒரு சிலிண்டரின் ஹெட் (தலைப்பகுதி) வெப்பநிலை 220 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மூக்கைத் தாழ்த்தி மட்டமாகப் பறந்தால் மளமளவென்று இறங்கிவிடும். கட்டியவர் உடனே வரும் முடிவு, உள்ளே போகும் காற்று போதவில்லை, முன்வாயைப் பெரிதாக வெட்ட வேண்டும் என்பது. வெட்டுவார். சூடு அப்படியே இருக்கும், விமானத்தின் வேகம் மட்டும் குறையும்.

முன்வாயை எவ்வளவு பெரிதாக்கினாலும், உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை என்றால் அது வாசலிலேயே திரும்பிவிடும். வெளியேற வழியிருந்தும் சிலிண்டரைத் தொடாமல் இடுக்குகள் வழியாக நழுவினால் அதனாலும் பயன் இல்லை. ஆகவே பார்க்க வேண்டிய வரிசை: முதலில் ஒழுக்கு, அடுத்து அளவீடு, அதன் பிறகு வெளிவாய். உள்வாய்க்குக் கடைசி இடம்.

முதலில் சில சொற்கள்

இன்ஜினை மூடியிருக்கும் கூடு கௌலிங். புரொப்பெல்லருக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் திறப்புகள் உள்வாய்கள். கௌலிங்கின் அடியில், இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வால் முடியும் இடத்தில் இருப்பது வெளிவாய். சிலிண்டர்களைச் சுற்றி நிற்கும் அலுமினியத் தகடுகளைப் பேஃபிள் என்பார்கள். இவை கௌலிங்கின் உள்ளிடத்தை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கின்றன. மேல் அறையில் அழுத்தம் அதிகம், கீழ் அறையில் குறைவு. சிலிண்டரைச் சுற்றி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குளிர்ப்பு இதழ்களான ஃபின்களின் இடுக்குகள்தாம் இரண்டுக்கும் நடுவே காற்று போவதற்கான ஒரே வழியாக இருக்க வேண்டும். பேஃபிள் தகட்டுக்கும் கௌலிங்கின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைப்பது சிலிக்கோன் ரப்பர் பட்டை. கௌலிங்கை நம்பாமல், சிலிண்டர்களுக்கு மேலேயே கெட்டியான மூடி போட்டு அறை அமைத்தால் அதற்குப் பிளீனம் என்று பெயர்.

இங்கே சொல்வதெல்லாம் லைகமிங் நிறுவனத்தின் ஓ-320, ஓ-360 போன்ற நான்கு சிலிண்டர் காற்றுக் குளிர்ப்பு இன்ஜினை மனத்தில் வைத்து. ரோடாக்ஸ் 912-இல் ஹெட்டுகளுக்குக் கூலன்ட் (குளிர்ப்புத் திரவம்), சிலிண்டர் உடலுக்கு மட்டும் காற்று. ஆனால் ரேடியேட்டரும் காற்று நுழைந்து வெளியேறும் ஒரு பெட்டிதான் என்பதால் அழுத்தம், ஒழுக்கு, வெளிவாய் பற்றிய கணக்கு அதற்கும் பொருந்தும்.

எவ்வளவு வெப்பம், எவ்வளவு காற்று

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிராங்க் தண்டுக்கு வந்து சேர்கிறது. பாதியை நெருங்கும் அளவு புகைபோக்கி வழியே போகிறது. மிச்சத்தை ஃபின்களும் ஆயிலும் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். 180 குதிரைத்திறன் இன்ஜின் 75 சதவீதத்தில் ஓடும்போது தண்டில் சுமார் 100 கிலோவாட் கிடைக்கும், காற்றில் இறக்க வேண்டிய வெப்பம் 45 கிலோவாட் அளவில் இருக்கும். ஃபின்களைக் கடக்கும் காற்று 60 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு முக்கால் கிலோ காற்று தேவை. கன அளவில் 0.65 கனமீட்டர்.

எந்த அளவுக்குள் நிறுத்த வேண்டும்? இந்த வகை லைகமிங் இன்ஜின்களுக்கு ஹெட் வெப்பநிலையின் உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ், அதாவது 500 ஃபாரன்ஹீட். அது தாண்டக் கூடாத கோடு. அங்கேயே குடியிருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நீண்ட ஆயுளுக்கு, அதிகத் திறனில் பறக்கும்போது 224-க்குக் கீழும், சிக்கனத் திறனில் 204-க்குக் கீழும் வைத்திருக்கச் சொல்கிறது அதே நிறுவனம். சூடு ஏற ஏற அலுமினிய ஹெட் பலம் இழக்கிறது. எக்சாஸ்ட் வால்வு கைடு தேய்வதும், வால்வு இருக்கையைச் சுற்றி வெடிப்பு விடுவதும் அதன் தொடர்ச்சி.

ஆயிலுக்கு உச்சம் 118 டிகிரி. அதைப் போலவே கீழ் எல்லையும் முக்கியம். ஆயில் 82 டிகிரியை எட்டாமல் ஓடிக்கொண்டிருந்தால் எரிதலில் உண்டாகும் நீராவி கிராங்க்கேஸில் தங்கி, அமிலமாகி, கேம் தண்டை அரிக்கும். ஆகவே குளிர்ப்பைக் கூட்டுவது போலவே தேவைப்படும்போது குறைக்கவும் வழி வேண்டும்.

காற்றைத் தள்ளுவது எது?

ஃபின் இடுக்குகளில் காற்றை ஓடவைப்பது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு மட்டுமே. இதை அங்குல நீர் என்ற அளவில் சொல்வது வழக்கம். ஓர் அங்குல நீர் என்பது 249 பாஸ்கல். இன்ஜினின் முழுத் திறனுக்கு எத்தனை அங்குலம் தேவை என்பது அதன் குளிர்ப்பு வரைபடத்தில் இருக்கும். நான்கு சிலிண்டர் லைகமிங்குகளுக்கு ஐந்து, ஆறு அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

விமானத்தின் வேகம் தரும் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். வேகமானி காட்டும் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்):

1. 70 நாட்: 3.2 அங்குலம்
2. 80 நாட்: 4.2 அங்குலம்
3. 100 நாட்: 6.5 அங்குலம்
4. 150 நாட்: 14.6 அங்குலம்

வேகமானி காட்டும் வேகம் என்பதால் உயரம் மாறினாலும் இந்த எண்கள் மாறாது. கோளாறின் வேர் இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. 80 நாட்டில் ஏறும்போது இன்ஜின் முழுத் திறனில் அதிகபட்ச வெப்பத்தைக் கக்குகிறது. கைவசம் இருப்பதோ நான்கு அங்குலம், அதிலும் உள்வாயில் வீணாவது போக மிச்சம்தான். 150 நாட்டில் தேவையைப் போல இரண்டரை மடங்கு அழுத்தம் இருக்கிறது. ஏறும்போது பற்றாக்குறை, மட்டமாகப் பறக்கும்போது அபரிமிதம். இரண்டுக்கும் ஒரே அளவுத் திறப்பு என்றால் ஏதோ ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஏறும்போது உள்ள பற்றாக்குறையை இரண்டு வழிகளில் ஈடுகட்டலாம். ஒன்று, 80 நாட்டுக்குப் பதில் 100 நாட்டில் ஏறுவது. இதற்குச் செலவே இல்லை. மற்றொன்று, கீழ் அறையின் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடத் தாழ்த்தி, வெளிவாயிலிருந்து உறிஞ்சுவது. மேலிருந்து தள்ளுவது போதாதபோது கீழிருந்து இழுக்கலாம் என்பதுதான், வெளிவாயில் திறந்து மூடும் தகடான கௌல் ஃபிளாப்பின் தத்துவம்.

குழாயை மூட வேண்டிய இடம் வெளிவாய்

தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் பாதி அடைத்தால் தண்ணீரின் அளவு குறையும், ஆனால் குழாய்க்குள் அழுத்தம் அப்படியே நிற்கும், பீய்ச்சும் வேகமும் கூடும். அதே குழாயை நடுவில் மடித்து மிதித்தால் மடிப்புக்கு அப்பால் அழுத்தமே இருக்காது, தண்ணீர் சொட்டும். கௌலிங்கிலும் அப்படியே. வெளிவாயைச் சுருக்கினால் மேல் அறையில் அழுத்தம் நிறைந்து நிற்கும், நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் பரவும், காற்று வேகமாக வெளியேறும். உள்வாயை அடைத்தால் நுழையும் காற்று பீறிட்டு ஒரு பக்கம் அடிக்கும், பங்கீடு கெடும், வெளியேறும் காற்று சோம்பலாக வழியும்.

வேகமாக வெளியேறுவதில் என்ன லாபம்? 150 நாட் என்பது நொடிக்கு 77 மீட்டர். நொடிக்கு முக்கால் கிலோ காற்று 77 மீட்டர் வேகத்தில் உள்ளே வந்து 30 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், இழந்த உந்தத்தால் வரும் இழுவை 35 நியூட்டன். 60 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் 13 நியூட்டன்தான். முதல் நிலையில், புரொப்பெல்லர் திறனையும் சேர்த்துப் பார்த்தால், 100 கிலோவாட் தண்டாற்றலில் மூன்று சதவீதத்துக்கு மேல் இதற்கே போகிறது. தேவைக்கு மேல் இரு மடங்கு காற்று ஓடினால் அதுவும் இரு மடங்கு.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஃபிரெட் வீக் குழு உருவாக்கிய நாகா (NACA, அமெரிக்க அரசின் விமானவியல் ஆலோசனைக் குழு) கௌலிங், மூடிய கூட்டுக்குள் காற்றை நெறிப்படுத்தினால் இழுவையும் குறையும், குளிர்ப்பும் நடக்கும் என்று காட்டியது. 1935-இல் பிரிட்டனின் விமானப் பொறியாளர் மெரிடித், சூடான காற்றைச் சரியான வெளிவாய் வழியே வேகமாக வெளியேற்றினால் குளிர்ப்பு இழுவையின் பெரும் பகுதியை மீட்கலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார். பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் ரேடியேட்டர் வழி, திறந்து மூடும் வெளிவாயோடு, அந்தக் கணக்கைப் பின்பற்றியது. நம் வேகங்களில் உந்துவிசை எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இழப்பைக் குறைக்க முடியும்.

ஒழுக்கு: இங்கேதான் பாதி நோய்

பேஃபிளின் சுற்றளவில் 2 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் அதன் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். ஐந்தரை அங்குல அழுத்தத்தில் அதன் வழியே நொடிக்கு சுமார் 100 கிராம் காற்று நழுவும். தேவையான முக்கால் கிலோவில் இது ஏழில் ஒரு பங்கு. இதோடு நிற்பதில்லை: நழுவிய காற்று கீழ் அறையை நிரப்பி அதன் அழுத்தத்தை உயர்த்துகிறது. ஒரே ஓட்டை மேலே அழுத்தத்தைக் குறைத்து, கீழே கூட்டிவிடுகிறது.

பார்க்க வேண்டிய இடங்கள்:

1. உள்வாயின் தரைக்கும் முன் பேஃபிளுக்கும் இடையே. கௌலிங்கின் மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் மூலையில் ரப்பர் மடிந்து முக்கோண ஓட்டை விடும். பெரும்பாலான விமானங்களில் மிக மோசமான ஒழுக்கு இதுவே.
2. கிராங்க் தண்டைச் சுற்றி, ஸ்டார்ட்டர் பல்சக்கரத்துக்குப் பின்னால்.
3. பேஃபிள் தகடு கிராங்க்கேஸை ஒட்டும் விளிம்புகள், தகடுகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகள்.
4. ஸ்பார்க் பிளக் வயர், எரிபொருள் குழாய், என்ஜின் மவுன்ட் குழாய் போகும் துளைகள்.
5. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவேயுள்ள, கீழே சுற்றி வளையும் சிறு பேஃபிள்கள். இவை ஃபின்களை ஒட்டி இறுக நிற்காவிட்டால், காற்று சிலிண்டரின் அடிப்பாதியைத் தொடாமலே போய்விடும். வெளியிலிருந்து தெரியாது என்பதால் பலர் பார்ப்பதே இல்லை.
6. கார்புரேட்டர் சூடு, கேபின் சூடு, ஜெனரேட்டர் குளிர்ப்பு என்று மேல் அறையிலிருந்து பிரியும் குழாய்கள். ஒவ்வொன்றும் அனுமதி பெற்ற ஒழுக்குதான். 50 மில்லிமீட்டர் குழாய் தேவையே இல்லாத இடத்தில் இருந்தால் மூடிவிடுங்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: இருட்டில், கௌலிங்கை மாட்டிய பிறகு கீழ் அறைக்குள் விளக்கை வைத்து உள்வாய் வழியாகவும் ஆயில் மூடி வழியாகவும் பாருங்கள். ஃபின் இடுக்குகளைத் தவிர வேறு எங்கே வெளிச்சம் கசிந்தாலும் அது ஓட்டை. சில மணி நேரம் பறந்த விமானமானால், கௌலிங்கின் உட்புறத்தில் ரப்பர் உரசிய கறுப்புத் தடம் கோடாக ஓடும். தடம் அறுபடும் இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை.

தகடு 0.8 மில்லிமீட்டர் 2024-டி3 அலுமினியம். தகட்டு விளிம்புக்கும் கௌலிங்குக்கும் 10 முதல் 12 மில்லிமீட்டர் விடவேண்டும். இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டில், குறிப்பாக நிறுத்தும்போது, நன்றாகவே ஆடும். ரப்பர் பட்டை கண்ணாடியிழை வலுவூட்டிய சிலிக்கோன், 3 மில்லிமீட்டர் தடிமன், 75 மில்லிமீட்டர் அகலம். அது மேல் அறையின் உட்பக்கம் நோக்கி வளைந்து படுக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தமே அதைக் கௌலிங்கோடு சேர்த்து அமுக்கும். வெளிப்பக்கம் சாய்ந்தால், தரையில் அழகாக ஒட்டியிருக்கும், வானில் அழுத்தம் வந்ததும் கதவு போலத் திறந்துகொள்ளும். ரிவெட்டுகளுக்கு அடியில் மெல்லிய அலுமினியப் பட்டி வைத்தால் ரப்பர் கிழியாது. வளைவுகளில் பட்டையைத் துண்டாக்க நேர்ந்தால் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். மீதி இடுக்குகளுக்கு உயர்வெப்ப சிலிக்கோன் பசை போதும். ஆனால் எரிபொருள் படும் இடத்தில் அதை வைக்காதீர்கள், ஊறிப் பெயர்ந்துவிடும்.

அளக்காமல் வெட்டாதீர்கள்

அழுத்த வேறுபாட்டை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. வேகமானி என்பதே ஓர் அழுத்த வேறுபாட்டுமானிதான். உபரியாக ஒன்றை எடுத்து, பிட்டோ முனையை (மோதும் காற்றின் அழுத்தத்தை எடுப்பது) மேல் அறைக்கும், ஸ்டாட்டிக் முனையை (சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுப்பது) கீழ் அறைக்கும் இணைத்தால் போதும். அது 100 நாட் காட்டினால் வேறுபாடு 6.5 அங்குலம், 90 காட்டினால் 5.3, 80 காட்டினால் 4.2. விமானத்தின் சொந்த வேகமானியை இதற்காகக் கழற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குழாய் முனையைக் காற்றடிக்கும் திசையில் வைத்தால் அளவு பொய்யாகும். அதற்கு ஒரு வழி: 6 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயின் ஒரு முனையை அடைத்து, நீளவாக்கில் 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒன்றரை மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள். ஒன்றை சிலிண்டர்களுக்கு மேலே, காற்று நேராக அடிக்காத இடத்தில் கட்டுங்கள். இன்னொன்றைச் சிலிண்டர்களுக்கு அடியில், எக்சாஸ்ட் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் உலோக இணைப்பு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயை அப்படியே துளை வழியே நுழைப்பது தீ விபத்தின்போது கேபினுக்குப் புகை வழி அமைத்துக்கொடுப்பது.

பிறகு மூன்று நிலைகளில் எழுதிக்கொள்ளுங்கள்: வழக்கமான ஏறு வேகம், அதைவிட 20 நாட் கூடுதல், மட்டப் பறத்தல். மேல் அறைக்கும் விமானத்தின் ஸ்டாட்டிக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாகவும், கீழ் அறைக்கும் ஸ்டாட்டிக்குக்கும் உள்ளதைத் தனியாகவும் எடுத்தால் நோயின் இடம் வெளிச்சமாகிவிடும். விமானத்தின் ஸ்டாட்டிக்கோடு இணைக்கும் இந்த இரண்டு அளவீடுகளுக்கும் இணைப்பில் கசிவு இல்லை என்று முன்பே சோதித்துவிட வேண்டும்; கசிந்தால் உயரமானியும் வேகமானியும் சேர்ந்து தவறும்.

- மேல் அறை அழுத்தம், வேகம் தரும் அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்வாய் குற்றமற்றது. அதைத் தொடாதீர்கள்.
- மேலே நன்றாக இருந்து கீழேயும் அழுத்தம் உயர்ந்திருந்தால் வெளிவாய் சிறியது, அல்லது ஒழுக்கு பெரியது.
- மேலே குறைவு, கீழேயும் குறைவு என்றால் உள்வாயில் கோளாறு. உதடு கூர்மையாக இருக்கலாம், அல்லது உள்ளே வழி சட்டென்று அகலமாகிக் காற்று சுவரை விட்டுப் பிரியலாம். ஒரு பக்கச் சுவர் ஏழு டிகிரிக்கு மேல் விரிந்தால் இந்தப் பிரிவு தொடங்கும். உதட்டை உருட்டி, சாய்வைச் சீராக்குவதே மருந்து.

வெப்பமானியையும் ஒருமுறை சந்தேகியுங்கள். ஹெட்டில் உள்ள துளையில் செருகும் பயோனெட் வகை தெர்மோகப்பிளுக்குத்தான் (வெப்ப உணர்விக்குத்தான்) கையேட்டு வரம்புகள். ஸ்பார்க் பிளக் அடியில் வளையமாக மாட்டும் வகை வேறு எண்ணைக் காட்டும், பெரும்பாலும் கூடுதலாக. ஒரே சிலிண்டரில் மட்டும் அந்த வகை இருந்தால் "மூன்றாவது சிலிண்டர் மட்டும் சூடு" என்று நாள்கணக்கில் துரத்த நேரிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் சூடாக இருந்தால்

வெளிவாயைத் திறப்பது இதற்குத் தீர்வு ஆகாது, குறைபாடு பங்கீட்டில். லைகமிங்கில் முன் வலது 1, முன் இடது 2, பின் வலது 3, பின் இடது 4. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஃபின்கள் மிகவும் ஆழம் குறைந்தவை. 2-ஆவது சிலிண்டரில் அந்தப் பக்கம் முன் பேஃபிளையும், 3-ஆவதில் பின் பேஃபிளையும் பார்த்து நிற்கிறது. தகடு அதோடு ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் காற்றே இறங்காது. 3-ஆவதின் பின் தகட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே திருகு இருக்கும் இடத்தில் 3 மில்லிமீட்டர் அளவு வாஷர் வைத்துத் தகட்டை விலக்கினால் காற்று இறங்க வழி கிடைக்கும். எவ்வளவு சிறிய மாற்றம், எவ்வளவு பெரிய பலன் என்று இதைச் செய்துபார்த்தவர்கள் வியப்பதுண்டு.

முன் சிலிண்டர்கள் குளிர்ந்தும் பின்னவை சூடாகவும் இருந்தால் 1, 2-க்கு முன்னால் சிறு தடுப்புத் தகடு வைத்து, 10 மில்லிமீட்டர் அளவில் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தலாம். அதற்கு முன் ஹெட் ஃபின்களுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். வார்ப்பின்போது தங்கிய உலோகச் சவ்வு சில இடுக்குகளை முழுக்கவே அடைத்திருக்கும். வட்ட அரத்தால் ராவி எடுத்துவிடலாம். ஃபினையே ராவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கும் சேர்ந்து சூடாக இருந்தால், காற்றைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம். முழுத் திறனில் எரிபொருள் ஓட்டம் கையேடு சொல்லும் அளவுக்கு இருக்கிறதா? கலவை வறண்டிருந்தால், அதாவது காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்திருந்தால், எவ்வளவு காற்றும் போதாது. இக்னிஷன் நேரம் இன்ஜின் பெயர்த்தகட்டில் உள்ளபடி இருக்கிறதா? 20 டிகிரிக்குப் பதில் 25-இல் வைத்திருந்தால் சூடு கூடியே தீரும். புதிய சிலிண்டர்கள் முதல் சில மணி நேரம் பிஸ்டன் ரிங் படியும்வரை இயல்பாகவே சூடாக ஓடும். அந்தக் காலத்தில் எடுத்த எண்ணை வைத்து எதையும் வெட்டாதீர்கள்.

வெளிவாயின் அளவும் கௌல் ஃபிளாப்பும்

30 டிகிரியில் நுழையும் காற்று 100 டிகிரியில் வெளியேறினால் அதன் கன அளவு 23 சதவீதம் பெருகியிருக்கும். அழுத்தமும் இழந்திருக்கும். ஆகவே ஏறும்போது வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு, முழுக்கத் திறந்த நிலையில் உள்வாய்களின் மொத்தப் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு, மூடிய நிலையில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவாய் வழியே போகும் எக்சாஸ்ட் குழாய்களின் பரப்பைக் கழிக்க மறக்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் குழாய் இரண்டு என்றால் 39 சதுர சென்டிமீட்டர் போய்விடும்.

ஃபயர்வாலின் அடி விளிம்பு இன்னொரு முக்கியமான இடம். சூடான காற்று ஃபயர்வாலில் இடித்துக்கொண்டு சடாரென்று பின்னோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கூரான விளிம்புக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைந்த துருப்பிடிக்காத தகடு பொருத்தினால், ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்காமலே ஓட்டம் கூடும்.

ஃபிளாப் செய்யும் முன், வெவ்வேறு சாய்வில் மூன்று தற்காலிகத் தகடுகளைத் திருகி மாட்டிப் பறந்து பாருங்கள். மட்டப் பறத்தலுக்கு எவ்வளவு பரப்பு போதும், ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும் என்ற இரண்டு எண்கள் கிடைத்த பிறகே இயக்கமுறைக்குப் போக வேண்டும். சில விமானங்களில் இந்தச் சோதனையே ஃபிளாப் வேண்டாம் என்று சொல்லிவிடும். மெதுவாகப் பறக்கும் விமானத்தில் ஏறு வேகத்துக்கும் மட்டப் பறத்தல் வேகத்துக்கும் 20 நாட்தான் வித்தியாசம் என்றால், எடை, கேபிள், கீல் என்று சேர்ப்பதைவிட நிலையான வெளிவாயே மேல்.

செய்வதானால், வரிசை இது:

1. தகட்டின் முன் விளிம்பில் பியானோ கீல். பின் விளிம்பு கீழ்நோக்கித் திறக்க வேண்டும். திறந்த தகட்டுக்குப் பின்னால் உண்டாகும் தாழ்வழுத்தமே உறிஞ்சும் விசை. 30 டிகிரிக்கு மேல் திறந்தால் இழுவை கூடும் அளவுக்குக் குளிர்ப்பு கூடாது.
2. விசையைக் கணக்கிடுங்கள். 25 × 12 சென்டிமீட்டர் தகட்டில் 150 நாட் அழுத்தம் முழுக்க விழுந்தால் சுமார் 110 நியூட்டன், அதாவது 11 கிலோ எடை அளவு. கீலிலிருந்து நடுப்புள்ளி 6 சென்டிமீட்டர், இழுகம்பி 10 சென்டிமீட்டரில் என்றால் கம்பியில் 65 நியூட்டன். பாதுகாப்புக்கு இரண்டால் பெருக்கி 130 நியூட்டன் தாங்கும்படி கம்பி, கீல், தாங்கி எல்லாவற்றையும் அமையுங்கள். அதிகபட்ச அனுமதி வேகம் 150 நாட்டுக்கு மேல் இருந்தால் அந்த வேகத்துக்குத்தான் கணக்கு.
3. இயக்க, பூட்டிக்கொள்ளும் தள்ளு-இழு கேபிள் அல்லது மின்சார நேர்கோட்டு மோட்டார். திருகு வகை மோட்டார் மின்சாரம் போனாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். எதுவானாலும் எக்சாஸ்ட் குழாயின் பக்கம் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும்.
4. திறந்த தகட்டின் மேல் காற்று மோதி அதை மூடப் பார்க்கும். கேபிள் அறுந்தால் மூடிக்கொள்ளும் என்று பொருள். திறக்கும் பக்கம் இழுக்கும் ஸ்பிரிங் வையுங்கள்.
5. மூடும் நிலைக்கு உலோகத் தடை கட்டாயம். ஃபிளாப் மூடியபடி சிக்கிக்கொண்டாலும், முழுத் திறனில் வேகமாக மட்டமாகப் பறந்து, பிறகு திறனைக் குறைத்துத் திரும்பிவர முடிகிற அளவுக்கு அந்தத் தடை இடம் விட்டிருக்க வேண்டும்.

ஹெட் வெப்பநிலையைப் பார்த்துத் தானே திறந்து மூடும் மின்னணுச் சுற்றுகளும் செய்கிறார்கள். ஹெட்டின் வெப்பம் மாற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், அவசரமாகத் திருத்தும் சுற்று ஃபிளாப்பை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். என் மதிப்பில், மூன்று நிலைகளில் நிற்கும் கைப்பிடி கேபிளே ஒருவர் ஓட்டும் சிறு விமானத்துக்குப் பொருத்தம்.

ஆயில் கூலர் தனிக் கணக்கு

ஆயில் கூலரைப் பின் இடது பேஃபிளில், 4-ஆவது சிலிண்டருக்குப் பின்னால் பொருத்துவது பரவலான வழக்கம். அது அந்தச் சிலிண்டரின் பங்கிலிருந்து காற்றைப் பறிக்கும். ஹெட்டிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். ஃபயர்வாலில் வைத்து 100 மில்லிமீட்டர் வளையும் குழாயால் காற்றூட்டினால், குழாயில் வட்டத் தகட்டு வால்வு வைத்து ஆயில் சூட்டைச் சிலிண்டர்களைத் தொடாமலே கட்டுப்படுத்தலாம். குளிர்நாளில் 82 டிகிரியை எட்ட இது உதவும். வால்வு முழுக்க மூடாதபடி சிறு துளையோ விளிம்பு இடைவெளியோ விடுங்கள்.

ஆயில் சூடு மட்டும் கூடி, ஹெட்டுகள் சரியாக இருந்தால், கூலரை மாற்றும் முன் வெர்னாதெர்மைக் கழற்றிப் பாருங்கள். மெழுகு நிரம்பிய இந்தத் தெர்மோஸ்டாட் வால்வு 85 டிகிரி அளவில் நீண்டு, குறுக்கு வழியை அடைத்து, ஆயிலைக் கூலருக்குத் திருப்புகிறது. வெந்நீரில் போட்டால் நீள்கிறதா என்று தெரிந்துவிடும். அதன் தலை உட்காரும் இருக்கை தேய்ந்திருந்தால் சூடான ஆயிலில் ஒரு பகுதி கூலருக்குப் போகாமலே திரும்பிவிடும். எவ்வளவு காற்று அடித்தும் பயன் இருக்காது.

பறக்கும்போது

1. தரையில்: ஃபிளாப் முழுக்கத் திறப்பு, மூக்கு காற்றை நோக்கி. புரொப்பெல்லரின் வேர்ப்பகுதி உள்வாய்க்குள் அதிகம் காற்றைத் தள்ளாது. தரைச் சோதனைகளை நீட்டாதீர்கள்.
2. ஏறும்போது: முழுத் திறப்பு, முழுக் கலவை (எரிபொருள் செறிந்த நிலை). 205 டிகிரியைத் தாண்டினால் 10, 15 நாட் வேகம் கூட்டுங்கள்.
3. மட்டப் பறத்தலில்: வேகம் நிலைத்து இரண்டு நிமிடம் கழித்து ஃபிளாப்பை மூடுங்கள், 170 முதல் 200 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.
4. இறங்கும்போது: மூடியே இருக்கட்டும். ஹெட் நிமிடத்துக்கு 28 டிகிரிக்கு மேல் குளிராதபடி திறனைப் படிப்படியாகக் குறையுங்கள்.
5. தரையிறங்குமுன் கடைசிச் சரிபார்ப்பில் ஃபிளாப்பைத் திறந்துவிடுங்கள். திரும்ப எழும்ப நேர்ந்தால், முழுத் திறனில் மூடிய ஃபிளாப்போடு ஏறுவதே இன்ஜினை வேகவைக்கும் சுருக்கமான வழி.

குளிர்ந்த காலையில் சரியாக இருந்ததை வைத்து வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். வெளிக்காற்று ஒரு டிகிரி கூடினால் ஹெட்டும் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும் என்று கணக்கிடுங்கள். உரிமம் பெற்ற விமானங்களைக் கடல் மட்டத்தில் 38 டிகிரி, 1,000 அடிக்கு 2 டிகிரி வீதம் குறைவு என்ற வெப்ப நாளுக்குத் திருத்திப் பார்ப்பார்கள். 15 டிகிரி காலையில் ஏறும்போது 210 காட்டிய ஹெட் அந்த நாளில் 233 காட்டும். 224 என்ற எல்லையை அது தாண்டுகிறது என்பதால், அந்த விமானத்தில் இன்னும் ஒழுக்கு தேட வேண்டியிருக்கிறது.